கண்ணாடிச் சாட்சி

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கண்கள் கூரையும் சுவரும் சேரும் இடத்துக்குப் போய்விடும். அங்கிருந்து கதவு நிலைக்கு இறங்கி, அதன் பிறகுதான் நம் முகத்துக்கு வரும். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும் அப்படித்தான். என் மனைவி கவிதா நீட்டிய காபியை வாங்கிக்கொண்டு, "பெட்ரூம் கதவு சரியா சாத்த முடியுதா?" என்று கேட்டார்.

"மழைக்காலம்னா மரம் ஊதிக்கும். கொஞ்சம் பிடிக்கும்" என்றாள் கவிதா.

"இப்ப ஏப்ரல் மாசம்" என்றார் அவர்.

அந்தப் பெண் எங்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர். பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருடைய அப்பாவின் பெயரும் கூடவே வந்துவிடும்.

அப்போது நாங்கள் வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் சொந்த வீட்டில் இருந்தோம். கீழே கார் நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, மொத்தம் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது இரண்டாவது மாடி. எங்களுக்கு நேர் கீழே உள்ள வீட்டுக்கு அவர் தனியாக வாடகைக்கு வந்தார். முப்பத்திரண்டு வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர். கல்லூரியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு, தெற்கு ஸ்பெயினில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறார். கொத்தனாரும் எஞ்சினியரும் சொல்வதை வெளிநாட்டு வீட்டுக்காரர்களுக்கும், அவர்கள் சொல்வதை இவர்களுக்கும் சொல்லும் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்ததால் எனக்கு ஸ்பானிஷ் தேவைப்பட்டது. சனி, ஞாயிறு காலைகளில் கீழே இறங்கிப் போவேன். நாங்கள் நான்கு பேர். அவரை "ப்ரொஃபே" என்று கூப்பிடுவோம், ஸ்பானிஷில் டீச்சரைச் சுருக்கமாகக் கூப்பிடும் சொல். வகுப்புக்கு வெளியே எனக்கு அவர் மேடம்தான்.

அவரிடம் அச்சிட்ட பாடப்புத்தகம் இல்லை. அவரே வரைந்த தடித்த நோட்டு ஒன்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வீடுகள். நடுவில் முற்றமும் சுற்றிலும் தொட்டிச் செடிகளும் உள்ள கோர்தோபா வீடு. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்க்க மரக்கூண்டு போல் மூடிய லிமா நகரத்து பால்கனி. பச்சை மண் செங்கல்லால் எழுப்பிய மெக்சிகோ வீடு. அந்த வீடுகளுக்குள் எங்களை நடத்திக்கொண்டே போய்த்தான் மொழியைச் சொல்லித்தந்தார். வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையே உள்ள நடைக்கு சாகுவான். மொட்டைமாடிக்கு அசோத்தேயா. முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டிக்கு அல்ஹிபே. நாங்கள் எதையும் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. ஒருநாள் நான் "மூலை" என்பதற்கு எஸ்கினா என்றேன்.

"எந்த மூலை? நீங்க உள்ள நிக்கிறீங்களா, வெளிய நிக்கிறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. எழுந்து வந்து என் தோளைப் பிடித்து அறையின் மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். "இது ரின்கோன். உள்மூலை. ஒளிஞ்சுக்கலாம், பொருளைப் போட்டு வைக்கலாம். வெளிய தெருமுக்குல நின்னா அதுதான் எஸ்கினா. ரெண்டும் ஒரே சுவரோட ரெண்டு பக்கம். ஆனா மாத்திச் சொன்னா வேற எங்கேயோ போய் நிப்பீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சரியான சொல் வரும்வரை விடமாட்டார். சில நேரம் அது தாங்கமுடியாததாக இருக்கும். எங்களோடு ஷீலா என்று ஒரு நர்ஸ் படித்தாள். ஸ்பெயினில் வேலைக்குப் போகும் திட்டம். குடும்பத்தைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லச் சொன்னபோது, "அம்மாவை அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு ரெண்டு வருடம் போகிறேன்" என்று ஸ்பானிஷில் சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துல திரும்பி வருவீங்களா?"

"தெரியல ப்ரொஃபே. பிடிச்சிருந்தா அங்கேயே..."

"அப்ப இந்த வினைச்சொல் தப்பு. இது போயிட்டு வர்றதுக்கு. உங்களுக்கு வேண்டியது விட்டுட்டுப் போறதுக்கான சொல்" என்று பலகையில் எழுதினார். ஷீலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது. ஷீலாவுக்கு வரவில்லை. அம்மாவையும் அழைத்துப்போக முடியுமா என்று மறுவாரமே விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் பெட்ரூம் கதவைப் பற்றிக் கேட்ட அன்றே, அந்தக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்வாக ஓடிய கோட்டை அவர் கண்டுபிடித்தார். நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்தோம், பெயின்ட் கீறல் என்று நினைத்துக்கொண்டோம். அவர் விரல் நகத்தை அதற்குள் விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

"ஸ்பானிஷ்ல ரெண்டு சொல் இருக்கு. மேல் பூச்சுல மட்டும் இருந்தா ஃபிசூரா. கீறல். சுவரே விட்டிருந்தா க்ரியேத்தா. பிளவு. என் வீட்டுலயும் இதே மூலையில, இதே சாய்வுல ஒண்ணு இருக்கு. கீழ பார்க்கிங்ல தூண்கிட்ட ஒண்ணு இருக்கு."

"புதுக் கட்டடம்னா அப்படித்தான மேடம் வரும்?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, "சார், இந்த பில்டிங் நிக்கிற இடம் எங்க நிலம்" என்றார்.

அவருடைய குடும்பம் பக்கத்துக் கிராமத்தில் தலைமுறையாக விவசாயம் செய்தது. நிலம் விற்ற பிறகு அவருடைய அப்பா ஒரு பொக்லைன் வாங்கி ஓட்டினார். சுற்றுவட்டாரத்தில் மனை பிரிக்கிற எல்லாருக்கும் அவர்தான் மேடு தட்டினார், பள்ளம் நிரப்பினார்.

"இந்த ஈசானி மூலையிலதான் எங்க கிணறு. நான் நீச்சல் கத்துக்கிட்டது அதுல. நைனாதான் மூடினார். மண்ணைக் கொட்டி, தண்ணி விட்டு, இடிச்சு இடிச்சு மூடணும். வாரக்கணக்காகும். அவர் ரெண்டு நாள்ல ரப்பீஸ் கொட்டி மூடிட்டார். உடைச்ச செங்கல், பிளாஸ்டிக், மரம், என்ன கிடைச்சுதோ அது. மேல மட்டும் மண்ணு. அது மேலதான் உங்க தூண் நிக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் உடம்பு முடியாம படுத்திருந்தப்ப அவரே சொன்னார். அதுக்கப்புறம்தான் இங்க வீடு காலியிருக்கான்னு கேட்டேன்."

கவிதாவின் கையில் காபித் தட்டு அப்படியே நின்றது. "தெரிஞ்சேவா வந்தீங்க?"

"பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் மூன்று கண்ணாடித் துண்டுகளோடு வந்தார். போட்டோ பிரேம் கடையில் விரல் அகலத்துக்கு வெட்டி வாங்கியவை. ஒன்றை அவர் வீட்டுப் பிளவின் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் பிஓபி மாவைக் குழைத்து ஒட்டினார். இன்னொன்று பார்க்கிங் தூண் பக்கத்துச் சுவரில். மூன்றாவது எங்கள் பெட்ரூமில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் தேதி எழுதினார். ஸ்பெயினில் பழைய வீடுகளில் இப்படித்தான் செய்வார்கள் என்றார். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். ஒரு நூல் அசைந்தாலும் உடைந்துவிடும். "இதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு தெஸ்தீகோ. சாட்சி."

இரவு படுக்கும்போதும் காலை எழும்போதும் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஜூன் மாதம் அவர் வீட்டுச் சாட்சி உடைந்தது. மழை இல்லை, லாரி எதுவும் போகவில்லை. சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் சமையலறைப் பொருள்களைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஊசி விழுந்தது போல் ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு. அவர் போய்ப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். எனக்கு அதற்குப் பிறகு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். எங்கள் செயலாளர் சம்பத் சார், ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர்தான். பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ப்ரொஃபே கிணற்றைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்.

"ஹேர் கிராக்மா அது. எல்லா பில்டிங்லயும் இருக்கு" என்றார் சம்பத் சார்.

"சார், முடி அளவு இல்ல. நகம் போகுது. அதைப் பிளவுன்னு சொல்லுங்க, அப்பதான் என்ன செய்யணும்னு யோசிக்க முடியும்."

"வாயில நல்ல வார்த்தையே வராதாம்மா உனக்கு?" என்று மூன்றாவது மாடியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கத்தினார். "நாங்கல்லாம் லோன் போட்டு வாங்கியிருக்கோம். நீ வாடகைக்கு இருக்கறவ. வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வீடு வாங்குவானா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. வாயையும் திறக்கவில்லை.

அவர் அதிகாரிகளுக்கு மனு எழுதினார். அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். "இந்த இடத்தில் இருந்த கிணற்றை முறையாக மூடாமல் குப்பை கொட்டி மூடியவர் என் தந்தை" என்று அவருடைய பெயர், ஊர் எல்லாம் போட்டு எழுதியிருந்தார்.

"அப்பா பேரு வேணுமா மேடம்? ஒரு கான்ட்ராக்டர்னு போட்டா போதாதா?"

"யாரோ மூடினாங்கன்னு எழுதினா அது யாரோ எழுதின மனு ஆயிடும் சார்."

அவருடைய அப்பா அதன் பிறகு மகளோடு பேசவில்லை. மாமா ஒருவர் வந்து பார்க்கிங்கில் நின்று கத்தியது எனக்கு மேலே கேட்டது. "இன்னா பொண்ணு நீ? பெத்த அப்பனையே மாட்டி உட்டுகினு உக்காந்துகிறியே! அவுரு ஊட்டாண்ட எவன் மூஞ்சிலயும் முழிக்க முடியாம கீறாரு, தெரியுமா?" அதற்கு ப்ரொஃபே என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆகஸ்டில் வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொன்னார். திருவேற்காட்டில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனார். வகுப்பு நின்றது. போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இனிமே என்னை உள்ள விடமாட்டாங்க. பார்க்கிங்ல வச்சதை யாரோ பெயர்த்துட்டாங்க. உங்க வீட்டுச் சாட்சியை மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க சார். ரெண்டு மாடியிலயும் உடைஞ்சா தூணே இறங்குதுன்னு அர்த்தம். என் வீட்டுல மட்டும்னா அந்தச் சுவரோட போச்சு."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதே வாரம் வீட்டை விற்பதற்கு விளம்பரம் கொடுத்தேன். பிள்ளைகளின் பள்ளிக்கு மாங்காடு பக்கம் என்று கவிதாவிடம் காரணம் சொன்னேன். பயம்தான் காரணம். அது அவளுக்கும் தெரியும், அவளும் பள்ளியைப் பற்றியே பேசினாள்.

வீட்டைப் பார்க்க வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. இருவரும் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள். மனைவியின் பெயர் சுகன்யா. அவர்கள் பதினோரு மணிக்கு வருவதாக இருந்த அன்று காலை எழுந்ததும் வழக்கம்போல் கண்ணாடியைப் பார்த்தேன். உடைந்திருந்தது. இரண்டு துண்டுகளும் பிஓபியில் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு நூல் இடைவெளியோடு நின்றன.

கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் ஸ்க்ரூ டிரைவரால் அதைப் பெயர்த்து எடுத்தேன். பிளவுக்குள் பட்டி வைத்துத் தேய்த்து, பரணில் இருந்த மீதிப் பெயின்ட்டை அடித்தேன். பழைய சுவர் கொஞ்சம் மங்கியிருந்ததால் புதுப் பெயின்ட் திட்டாகத் தெரிந்தது. பீரோவை அதன் முன்னால் தள்ளினேன். கவிதா வாசலில் நின்று பார்த்தாள். சுகன்யா வந்து அந்த அறையின் ஜன்னலைத் திறந்து, "காத்து நல்லா வருதுங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

அடுத்த வாரம், மனுவின் பேரில் ஒரு பொறியாளர் வந்தார். பூட்டிக் கிடந்த கீழ்வீட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "மேல உங்களுக்கு ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். உள்ளே வந்து, பீரோ நின்ற சுவரை மேலோட்டமாகப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். கீழ்வீட்டுச் சுவரில் மட்டும் பூச்சுக் கோளாறு என்று எழுதிக்கொடுத்தார்.

அன்று மாலை ப்ரொஃபே போன் செய்தார். "சார், ரிப்போர்ட் பத்தி சம்பத் சார் சொன்னார். நான் உங்ககிட்டதான் கேக்கணும். உங்க வீட்டுச் சாட்சி எப்படி இருக்கு?"

"முழுசா இருக்கு மேடம்."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அப்பாடா. அப்ப நான் சொன்னது தப்பு. ரொம்ப சந்தோஷம் சார்." அவ்வளவு லேசான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவர் அதோடு விடவில்லை. சொன்னது தவறு என்றால் தவறு என்று எழுதவேண்டும் அல்லவா? சம்பத் சாருக்கு ஒரு கடிதம் வந்தது. தூண் இறங்குகிறது என்று தான் பயந்தது தவறு என்றும், எல்லாரையும் பயமுறுத்தியதற்கு மன்னிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார். சம்பத் சார் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். தினமும் அதைத் தாண்டித்தான் நான் படியேறினேன். அப்பாவிடமும் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. கிணற்றுக்குள் என்ன கொட்டினோம் என்று தெரிந்த அந்த மனிதர், கட்டிலில் படுத்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பத்திரம் முடிந்தது. நாங்கள் மாங்காட்டில் வாடகை வீட்டுக்குப் போனோம். சுகன்யா குடிவந்தாள்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் மதியம் ஆபீசில் இருந்தபோது அவருடைய போன்.

"சார், பார்க்கிங் தூண்கிட்ட தரை ஒரு விரல் இறங்கியிருக்குன்னு வாட்ச்மேன் சொல்றார். நான் அங்கதான் போய்க்கிட்டிருக்கேன். நீங்க காலி பண்ணின அன்னிக்குச் சாட்சி முழுசாத்தான இருந்துச்சு? முழுசா இருந்திருந்தா இன்னும் நேரம் இருக்கு."

போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவுக்கு நடந்தேன்.

"சார்?"

"இல்ல மேடம்."

"உடைஞ்சிருந்துச்சா?"

"ஆமா."

"எப்ப?"

"அவங்க வீடு பார்க்க வந்த அன்னிக்குக் காலைல. நான்தான் எடுத்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

அயனம்பாக்கம் வழியாகத் தண்ணீருக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. அவர் படிக்கட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். "ஆபத்து" என்றோ "எதுவும் நடக்கலாம்" என்றோ சொல்லவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரே வாக்கியம். "தூண் இறங்குது. இப்பவே வெளிய வாங்க."

யாரும் வரவில்லை. சம்பத் சார் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாம்மா? தப்புன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்க. எஞ்சினியர் ரிப்போர்ட் இருக்கு."

"அந்த ரிப்போர்ட் தப்பு சார்."

"எப்படிச் சொல்ற?"

அப்போது நான் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு சொல் போதும், என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வகுப்பில் சொல்லுக்காகக் காத்திருக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மேல்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி சுகன்யா நின்றிருந்தாள். அவளுக்கு அன்று உடம்பு சரியில்லை, விடுப்பில் இருந்தாள்.

"என் பெட்ரூம்லயும் கண்ணாடி உடைஞ்சுது சார்" என்றேன். "விக்கிறதுக்காக நான் மறைச்சேன். பட்டி வச்சுப் பெயின்ட் அடிச்சேன். எஞ்சினியர்கிட்டயும் பொய் சொன்னேன், இவங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

சம்பத் சார் படிக்கட்டை விட்டு விலகினார். உள்ளே ஓடி கேஸை அணைத்துவிட்டு, முழங்கால் வலிக்காரியான மனைவியைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். அவர் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மற்ற கதவுகள் திறந்தன. கூட்டத்தில் கத்திய மூன்றாவது மாடி அம்மாவை ப்ரொஃபேதான் கையைப் பிடித்து இறக்கினார். சுகன்யா என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"எந்த சுவர்?" என்று கேட்டாள்.

"பீரோ இருந்த சுவர்."

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

எதிர்ப்பக்கம் மூடியிருந்த ஒரு ஒர்க் ஷாப்பின் தகரக் கூரைக்கு அடியில் எல்லாரும் நனைந்தபடி நின்றோம். ப்ரொஃபே வீட்டு வாரியாகப் பெயர் சொல்லிச் சரிபார்த்தார். பள்ளி வேனை வாட்ச்மேன் தெருமுக்கிலேயே நிறுத்தினார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய சத்தம் எதுவும் இல்லாமல், ஈசானி மூலை கீழே உட்கார்ந்தது. முதலில் பார்க்கிங் தூண் மண்ணுக்குள் ஓர் ஆள் உயரம் போனது. அதன் மேலிருந்த சுவர்கள் ஒவ்வொரு மாடியாகக் கழன்று விழுந்தன. மழையில் புழுதி அடங்க ரொம்ப நேரம் ஆகவில்லை. இரண்டாவது மாடியில் என் பெட்ரூம் தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. உள்சுவரில் ஒரு பாதி இன்னும் நின்றது. அதில் நான் அடித்த புதுப் பெயின்ட் திட்டு பளிச்சென்று எல்லாருக்கும் தெரிந்தது.

"அந்த ஜன்னல்கிட்டதான் படுத்திருந்தேன்" என்றாள் சுகன்யா, யாரிடம் என்றில்லாமல்.

ஓர் உயிரும் போகவில்லை. விற்பனைப் பத்திரத்தை ரத்து செய்து கொடுத்தேன், எழுத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சுகன்யா அதன் பிறகு என்னோடு பேசியதில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் பேசமாட்டேன்.

மறுநாள் அதிகாரிகள் வந்து நின்றபோது ப்ரொஃபேயின் அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒல்லியாக, சட்டைக்குள் தொளதொளவென்று இருந்தார். மகள் பக்கம் பார்க்காமல் நேராக அதிகாரியிடம் போனார்.

"நான்தான் சார் மூடனேன். என் பொண்ணு எழுதிகிறது கரீட்டு. ரப்பீஸ் கொட்டிதான் மூடனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இது ஒன்னு மட்டும் இல்ல சார். இந்த சுத்துவட்டாரத்துல இன்னும் எட்டு கிணறு அதே மேரிதான் மூடிகிறேன். எது எது எங்க கீதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

ப்ரொஃபே அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார். "எங்க எங்க நைனா?" என்று கேட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தார். அந்த வீடுகளை வரைந்த நோட்டு. பின்பக்கத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினார்.

அதன் பிறகு வாரம்தோறும் அப்பாவை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டேன். சில இடங்களில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்களாம். சில இடங்களில் வாசலிலேயே விரட்டினார்களாம். ஓர் இடத்தில் அந்தப் பெரியவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். மறுவாரம் அதே வாசலுக்குத் திரும்பப் போயிருக்கிறார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாங்காட்டு வீட்டில் கவிதா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் உள்ளறைக் கட்டிலில் செல்போனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். அவர் நின்றிருந்தார். பின்னால் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவருடைய அப்பா.

என்னைப் பார்த்ததும் அவர் ஓர் அடி பின்வாங்கினார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

"உங்க வீடா சார் இது?"

பெரியவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கி, பிள்ளைகள் இருந்த அறையைக் காட்டினார். "கிணறு அந்த ரூமாண்ட வரும்மா. நல்ல ஆழம் அது."

ப்ரொஃபே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்பதற்காக வாயைத் திறந்தார். நான் அதற்குக் காத்திருக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

"கவிதா, அடுப்பை அணை. பசங்களைக் கூட்டிக்கிட்டுக் கீழ போ."